சன்னலுக்கு வெளியே எரிந்த திரி

வாரத்தில் ஆறு நாள் நான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். பிரேசர் டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினால் ஒன்பதுக்குள் ஏழெட்டு வீடு முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே ஸ்கூட்டரில், அதே தெருக்களில் நற்கருணை, பூசையில் ஆண்டவரின் உடலாகிற அப்பம், கொண்டுபோவேன். கோவிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டிலேயே அந்த நன்மையைக் கொடுக்க எங்கள் பங்குக் கோவிலில் ஆறு பேருக்குப் பயிற்சி கொடுத்து நியமித்திருந்தார்கள். குருவானவர் ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

பயிற்சியின் கடைசி நாளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மடத்து சிஸ்டர் ஆளுக்கொரு பை கொடுத்தார். அதில் ஒரு வெள்ளைத் துணி, சிலுவையில் தொங்கும் இயேசுவின் கையளவு பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, ஒரு சிமிழ். சிமிழ் வெளியே பித்தளை, உள்ளே தங்க முலாம். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் கையில் வாங்கியதும் கனம் தெரிந்தது. நற்கருணையை அதில் வைத்து, நாடாவில் கோத்து, கழுத்தில் மாட்டி நெஞ்சோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

"வழியில கடைக்குப் போகாதீங்க. போன் வந்தா எடுக்காதீங்க. தெரிஞ்சவங்களைப் பார்த்தா சிரிங்க, நின்னு கதை பேசாதீங்க. நீங்க தனியா போகலை" என்றார் சிஸ்டர்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெண் பிள்ளைகள் பீடத்தின் கம்பிக்கு உள்ளே போகக் கூடாது. பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு, மெழுகுதிரித் தட்டுகளில் உறைந்து கிடப்பதை மொட்டைக் கத்தியால் சுரண்டி எடுக்கும் வேலைதான் எங்களுக்கு. சுரண்டிக்கொண்டே உள்ளே பார்ப்பேன். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிக்குள் விளக்கு எரியும். அது எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம் என்று அம்மா சொல்லியிருந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தே அந்த விளக்கைப் பார்த்து வளர்ந்தவள், முதல் ஞாயிறன்று கம்பியைத் தாண்டிப் பேழைக்கு முன்னாலேயே போய் நின்றேன்.

சாலையில் அந்த விளக்கு இல்லை. மாஸ்க் ரோடு சிக்னலில் நிற்கும்போது என் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒருவர் பிரியாணி பார்சலோடு நிற்பார், ஆட்டோக்காரர் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். என் வண்டியின் முன்விளக்கைப் பகலிலும் அணைக்க முடியாது. புது வண்டிகள் எல்லாம் அப்படித்தான். அது தெரியாத பெரியவர்கள் எதிரே வரும்போது விரலை விரித்து மூடி, லைட் எரியுது என்று சைகை காட்டுவார்கள். மற்ற நாளில் எரிச்சலாக வரும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும், ஆமாம், எரியட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குக் கொடுத்த ஐந்து வீடுகளில் நான்காவது வீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அந்த வீட்டுப் பெரியவருக்கு எண்பத்திரண்டு வயது. விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய்ப் படுக்கையில் இருந்தார். மனைவி இறந்து பல வருஷம். ஒரே மகள், என்னைவிட நாலு வயது சின்னவள், வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணினியில் வேலை பார்த்துக்கொண்டு அவரைக் கவனித்துக்கொண்டாள். எனக்கு அந்த வீடு புதிதல்ல. மூன்று வருஷமாக மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு நான்தான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கை நரம்பு நழுவும், வலது கையில்தான் கிடைக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த வீட்டை நானே கேட்டு வாங்கினேன்.

முதல் ஞாயிறு நான் போனபோது வாசலில் மகள் எரியும் திரியோடு நின்றாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. மற்ற வீடுகளில் டிவியை நிறுத்தினாலே பெரிது. திரியைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னே நடக்க, நான் பின்னால் போனேன். உள்ளே மேசையில் சலவை செய்த வெள்ளை விரிப்பு, சுரூபம், ஒரு டம்ளரில் தண்ணீர். பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கை குவித்திருந்தார். என்னைப் பார்த்ததும் குவித்த கை இறங்கியது.

"ஃபாதர் எங்க?"

"ஃபாதருக்கு முதுகுல ஆபரேஷன், அங்கிள். நாலஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை நான் வருவேன்."

அவர் சிமிழைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மறுபடியும் சிமிழை. நெற்றியில் சிலுவை போட்டுக் கும்பிட்டார். "ஆண்டவர் வந்ததுக்கு ஸ்தோத்திரம். ஆனா நான் வாங்க மாட்டேன்" என்றார்.

மகள் பதறிப்போனாள். "டாடி, என்ன இது?"

"குருப்பட்டத்துல எண்ணெய் பூசி அபிஷேகம் வாங்கின கையில இருந்துதான் வாங்கியிருக்கேன். எழுபத்தஞ்சு வருஷமா. எண்ணெய் பூசாத கையில இருந்து, அதுவும் ஒரு பொம்பளை கையில இருந்து, என்னால முடியாதும்மா. தப்பா நினைக்காத."

மகளுக்கு மட்டும் கொடுத்தேன். அப்பாவைத் தனியே விட்டு அவளாலும் கோவிலுக்குப் போக முடியாது. பெரியவருக்காகக் கொண்டுவந்ததைத் திரும்பக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பேழையில் வைத்தேன். வைத்துப் பூட்டும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கப் போனேன். சட்டைக் கையை மடித்து வலது கையை நீட்டினார், எப்போதும்போல. ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"இதுக்கு மட்டும் என் கை ஆகுமா, அங்கிள்?"

அவர் கோபப்படவில்லை. ஊசி உள்ளே போவதைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இது என்னோட ரத்தம்மா. யார் வேணா எடுக்கலாம். அது அவரோட உடம்பு."

பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிவிட்டுக் கிளம்பினேன். அவர் சொன்னதில் அவமரியாதை இல்லை என்பதுதான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. சிமிழுக்குள் இருப்பது யார் என்று என்னைவிட அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் பயந்தார்.

இரண்டாவது ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறும். வாசலில் திரி, மேசையில் வெள்ளை விரிப்பு, அவர் கும்பிடுவார், நான் கேட்பேன், அவர் தலையை ஆட்டுவார். நான் அன்றைய நற்செய்தியை வாசித்துவிட்டு, மகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். ஐந்தாவது வாரம் சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. மகள்தான் சங்கடப்பட்டு அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"அந்த வீட்டை விட்டுடலாமேம்மா. ஆம்பளை யாரையாவது அனுப்பிப் பார்க்கறேன்."

"எண்ணெய் பூசாத கைன்னா அவங்களையும்தான் வேண்டாம்பார், சிஸ்டர்."

"அப்ப எதுக்கு வீணா அலையற?"

"அவர் என்னைத்தான் வேண்டாங்கறார். ஆண்டவரை வேண்டாங்கலை. நான் வர்ற நேரத்துக்குத் திரி ஏத்தி வைக்கச் சொல்றதே அவர்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு எப்படிப் போகாம இருக்கறது?"

"போ" என்றார் சிஸ்டர்.

நான் சிஸ்டரிடம் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. என்னைக் கம்பிக்கு வெளியே நிறுத்திய யாரோ ஒருவரை ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பும் அதில் இருந்தது. அவர் ஒரு நாள் வாய் திறந்து கேட்க வேண்டும், நான் அதைப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு நினைப்போடு நெஞ்சில் சிமிழை மாட்டிக்கொண்டு போகிறோமே என்று சில ஞாயிறுகளில் வெட்கமாக இருக்கும். ஆனாலும் போவேன். வீம்பு போன பிறகுதான் போவேன் என்று காத்திருந்தால் ஒரு வீட்டுக்கும் போயிருக்க முடியாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில் பெரியவருக்கு மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஆக்சிஜன் கொடுக்கும் ஒரு இயந்திரமும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அது நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாய்.

அந்த ஞாயிறு நான் படி ஏறும்போதே மகள் வாசலில் திரியோடு நின்றாள். நான் முதலில் செய்த காரியம், குனிந்து அதை ஊதி அணைத்ததுதான்.

"அக்கா!"

"ஆக்சிஜன் ஓடுது. இந்த வீட்டுக்குள்ள இனிமே நெருப்பே கூடாது. அடுப்பைக்கூட அந்த ரூம் கதவைச் சாத்திட்டுப் பத்த வை."

அணைந்த திரியோடு நாங்கள் உள்ளே போனதைப் பெரியவர் பார்த்தார். குழாய்க்குப் பின்னால் முகம் சுருங்கியது.

"திரி எங்க?"

விளக்கிச் சொன்னேன். நெருப்புப் பொறி பட்டால் என்ன ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லிக்கொடுப்பதை அப்படியே சொன்னேன். அவர் ஃபிட்டர், ஆக்சிஜன் சிலிண்டரோடு வெல்டிங் வேலை பார்த்தவர். எனக்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் புரிவது வேறு.

"வெளிச்சம் இல்லாம ஆண்டவரை எப்படிம்மா உள்ள கூட்டிட்டு வர்ற? திருடன் மாதிரியா?" மூச்சு வாங்கியது. "ஒரு கலெக்டர் வந்தாக்கூட வாசல்ல லைட்டைப் போடுவோம்."

மகள் ஓடிப்போய் பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் திரி ஒன்றை எடுத்து வந்தாள். கிறிஸ்துமஸுக்கு வாங்கியது. மேசையில் வைத்து அழுத்தியதும் மஞ்சளாக மினுக்கியது. அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"அதை எடுத்துடு. அது எரியலை, நடிக்குது. திரின்னா கரையணும். தன்னைக் குடுத்து எரியணும். அதுதான் அவருக்கு முன்னால நிக்கத் தகுதி."

அன்று மகள் கண்ணீரோடுதான் நன்மை வாங்கினாள். நான் படி இறங்கி வண்டியை எடுக்கும்போது அந்த அறையின் சன்னலைப் பார்த்தேன். கட்டில் அதை ஒட்டித்தான் இருக்கிறது. சன்னலுக்கு வெளியே வீட்டைச் சுற்றி ஒரு சந்து. சந்தின் அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர்.

அடுத்த ஞாயிறு பத்து நிமிஷம் முன்னதாகப் போனேன். வரும் வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பதால் கண்ணாடிக் குடுவை ஒன்றை முந்தின நாளே வாங்கிப் பையில் வைத்திருந்தேன். மகளிடம் சன்னல் கதவை இறுக்கிச் சாத்தி, இடுக்கில் துணியை அடைக்கச் சொன்னேன். உடம்பை ஒட்டிய சிமிழை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தேன். சன்னலிலிருந்து எட்டி, பக்கத்து வீட்டுச் சுவரோரமாக ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. அதன் மூடிமேல் திரியை வைத்து ஏற்றினேன். அணைந்தது. மறுபடி ஏற்றினேன். சந்துக்குள் காற்று குழாய்க்குள் வருவதுபோல் வந்தது. குடுவையை மாட்டுவதற்குள் மூன்றாவது முறையும் அணைந்தது.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா துணி காயப்போட வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "க்யா ஹுவா? என்ன பண்றீங்க இங்க?"

"உள்ள அங்கிளுக்கு சாமி கொண்டுவந்திருக்கேன். திரி எரியணும், அவர் பார்க்கணும். உள்ள ஏத்த முடியாது, ஆக்சிஜன் இருக்கு."

அவர் வாளியில் இருந்த ஈர பெட்ஷீட்டை எடுத்து, காற்று வரும் பக்கம் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஜரா சீக்கிரம் ஏத்துங்க" என்றார். நான்காவது குச்சியில் சுடர் பிடித்தது. குடுவையை மாட்டினேன். கையைச் சுட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். அவர் சுடரைப் பார்த்துக் கும்பிட்டார். வழக்கம்போலக் கேட்டேன். வழக்கம்போலத் தலையை ஆட்டினார். ஆனால் நான் கிளம்பும்போது, "கையில தண்ணி ஊத்திக்கிட்டுப் போ" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சந்து வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காலை பக்கத்து வீட்டம்மா டிரம்மின் மூடியைத் துடைத்து வைத்திருப்பார்.

ஈஸ்டர் வந்தது. எங்கள் குருவானவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்தவர் அன்று வீட்டுக்கு வருவதாகப் பெரியவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் பத்து மணிக்குப் போனபோது பெரியவர் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு ஃபாதர் வர்றார்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. நானும் சிரித்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான், என் வீம்பு எப்போதோ என்னிடம் சொல்லாமல் போய்விட்டது என்று கண்டுகொண்டேன்.

குருவானவரால் வர முடியவில்லை. மூன்று இடத்தில் பூசை, நடுவில் ஒரு இறப்பு. பெரியவர் மத்தியானம் இரண்டு மணிவரை சட்டையைக் கழற்ற விடவில்லை என்றும், அன்று சாப்பிடவில்லை என்றும் மகள் மறுநாள் போனில் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சந்தில் திரியை ஏற்றிவிட்டு உள்ளே போனேன். மகளுக்குக் கொடுத்து முடித்தேன். சிமிழை மூடப் போகும்போது, "மூடாத" என்று குரல் வந்தது.

திரும்பினேன்.

"உன் கை சரின்னு நான் சொல்லலை. அதைப் பத்தி நான் அங்க போய் அவர்கிட்டயே கேட்டுக்கறேன்." மூச்சு எடுக்க நிறுத்தினார். "எனக்குப் பசிக்குதும்மா."

மகள் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து வந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். ஆக்சிஜன் காற்றில் அவருக்கு வாய் உலர்ந்திருந்தது, முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அப்பத்தைச் சின்னதாகப் பிட்டேன். ஆயிரக்கணக்கான கைகளில் ஊசி குத்திய விரல்கள் அவை. அன்று நடுங்கின.

அவர் அதைக் கவனித்துவிட்டார். "ஊசி போடறப்ப நடுங்கலையே."

"அது உங்க ரத்தம்தானே, அங்கிள்."

சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சன்னலுக்கு வெளியே சுடரைப் பார்த்தபடியே "ஆமென்" என்று சொல்லி வாயைத் திறந்தார். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினார். நான் ஜெயித்ததாகத் தோன்றவே இல்லை. பசித்தவருக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வாங்கினார். ஒவ்வொரு ஞாயிறும், "சரின்னு சொல்லலை" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் வாங்கினார். எங்கள் குருவானவர் குணமாகித் திரும்பி வந்து அவருடைய பாவ அறிக்கையைக் கேட்டு, நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயைப் பூசினார். அன்று மதியம் மகள் போன் செய்து, குருவானவரின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா நெடுநேரம் விடவில்லை என்று சொன்னாள். எனக்குப் பொறாமை வரவில்லை. அவர் அதற்காக எவ்வளவு நாள் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

ஆடி மாதத்து மழையில், ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவர் இறந்தார். நான் வேலையிலிருந்து நேராகப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கையில் தீப்பெட்டி.

"இப்ப உள்ளயே ஏத்தலாம்ல, அக்கா?"

ஏற்றலாம் என்றேன். அவளே ஏற்றினாள். தலைமாட்டில் இரண்டு திரி. காற்று இல்லாததால் முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது.

இப்போது மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலுக்கு வருகிறாள். அந்த வீட்டுக்குப் பதிலாக எனக்கு வேறொரு வீடு கொடுத்திருக்கிறார்கள். கோல்ஸ் பார்க் பக்கம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், முழங்கால் முடியாதவர், தனியாக இருக்கிறார். போன வாரம் முதல் தடவை போனேன். சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார்.

"ஃபாதர் வரலையா?"

"இல்லைங்க டீச்சர். நான் வந்திருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஃபாதர் வரும்போது வரட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினேன். பிறகு, உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"அடுத்த ஞாயிறு பத்தே காலுக்கு வர்றேன், டீச்சர்."